காட்டுமுனிக்கு ஆக்குகிற கறி

ஒரு வார்த்தைதான் தம்பி. ஒரே ஒரு வார்த்தை. அதுவும் கெட்ட வார்த்தை இல்லை. எங்கள் ஊரில் புருசன் பெண்டாட்டியைப் பார்த்துச் சொல்லுகிற வார்த்தைகளை எல்லாம் கேட்டால், நான் சொன்னதைத் தாலாட்டு என்றுதான் சொல்வீங்க. அதற்குப் போய் வீட்டைப் பூட்டி, சாவியை எதிர்த்த வீட்டில் கொடுத்துவிட்டு, தன் தம்பி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள் என்றால் நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க.

அவளைக் கூட்டிவரத்தான் காலையில் எட்டயபுரம் பக்கம் போனேன். இப்போது இந்த பஸ்ஸில் தனியாகத் திரும்புகிறேன்.

நீங்க அருப்புக்கோட்டைதானே? நானும் அங்கேதான் இறங்கணும். தொந்தரவாக இருந்தால் சொல்லிருங்க, நிறுத்திக்கொள்கிறேன். நான் விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் குடோனுக்கு ராக்காவல். ராத்திரி முழுக்க மூட்டைகளோடுதான் பேச்சு. பகலில் படுத்தால் தூக்கம் வராது. எழுந்து நடப்பேன், திரும்ப வந்து படுப்பேன், திரும்ப நடப்பேன். மனுசன் ஒருத்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் வாய் நிற்க மாட்டேன் என்கிறது.

என் பேர் வெயிலுமுத்து. ஊருக்குள் வந்து வெயிலுமுத்து என்று கேட்டால் யாரும் கை காட்ட மாட்டார்கள். ‘கறிக்கார வீடு’ என்று கேட்கணும். கறிக்கடை என்று நினைத்துவிடாதீங்க. நாங்கள் காட்டுமுனிக்குக் கறி ஆக்குகிற வகையறா. எங்கள் தாத்தாவுக்கு முந்தியிருந்து அந்த உரிமை எங்கள் வீட்டில் இருக்கிறது.

ஊருக்கு மேற்கே கரிசல் முடிகிற இடத்தில், உடைமரங்களுக்கு நடுவில் ஒரு வேல் நட்டிருக்கும். கட்டடம் கிடையாது, கூரை கிடையாது. அதுதான் எங்கள் காட்டுமுனி. ஆடி மாதம் கடைசி வெள்ளி அங்கே கறிவிருந்து. நேர்ந்துவிட்ட கருங்கிடாய் எல்லாம் அன்றைக்குத்தான் விழும். ஆம்பளைகள் மட்டும். எந்த ஊர் ஆம்பளை வந்தாலும் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடலாம், யார் எவர் என்று கேட்க மாட்டோம். பொம்பளை எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே வரக்கூடாது, கைப்பிள்ளையாக இருந்தாலும் பெண்பிள்ளை கூடாது. கறி எல்லைக்கல்லைத் தாண்டி வெளியே போகக்கூடாது. மிஞ்சினால் குழி வெட்டி மூடிவிடுவோம். சாப்பிட்டவன் மண்ணைப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, வாயைக் கொப்பளித்து, வாசம்கூட வீட்டுக்கு வராமல்தான் திரும்பணும்.

அந்தக் கறி மற்றக் கறி மாதிரி இல்லை தம்பி. பொழுது கிளம்பும்போது ஏற்றினால் உச்சி சாய்ந்த பிறகுதான் இறக்குவோம். செம்பு அண்டாவில் எலும்போடு கறி. சின்ன வெங்காயம். ஆம்பளைகளே உட்கார்ந்து அம்மியில் அரைத்த மசால்: மல்லி, மிளகு, சீரகம், வத்தல், கொஞ்சம் கல்பாசி. செக்கு நல்லெண்ணெய். தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது, கறி விடுகிற தண்ணீரிலேயே கறி வேகணும். மூடியைப் போட்டு, கேப்பை மாவைப் பிசைந்து விளிம்பைச் சுற்றிப் பூசி, மூடி மேலே நெருப்புக் கங்கைக் கொட்டிவிட்டால் அதற்கப்புறம் படையல் வரைக்கும் திறக்கக்கூடாது. முனி நாக்கில் படுவதற்கு முன்னால் மனுச நாக்கில் படக்கூடாது. அதற்காகத்தான் ஆக்குகிறவன் வாயை வெள்ளைத் துணியால் கட்டிவிடுவார்கள். கட்டிவிட்டால் ருசி பார்க்கவும் முடியாது, ஒருத்தரிடம் ஒரு பேச்சுக் கேட்கவும் முடியாது.

அப்புறம் வெந்ததா வேகவில்லையா என்று எதை வைத்துத் தெரியும்?

மூக்கு. மூக்கு ஒன்றுதான். பூசின மாவு காய்ந்து எங்கேயாவது ஒரு கீறல் விடும். அது வழியாக வாசம் வரும். பச்சை வாடை போய்விட்டதா, பாதி விறகை இழுத்துவிடு. கொழுப்பு உருகி எண்ணெயோடு சேருகிற வாசம் வந்துவிட்டதா, விறகே வேண்டாம், கங்கு போதும். கருகலில் ஒரு இழை, தலைமுடி அளவு, வருகிறதா? அத்தனையையும் வாரி வெளியே தள்ளு. கொஞ்சம் அசந்தால் தீர்ந்தது. முனிக்குக் கருகல் வைத்த வருசம் மழை இல்லை என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு. யார் வைத்தது, எந்த வருசம் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் பேச்சு இருக்கிறது.

அப்பாவுக்குப் பின்னால் நான் கட்டினேன் வாய்த்துணியை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் வேலை முடிந்து வந்து அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளத்தாய் கொல்லையிலிருந்து தலைதெறிக்க ஓடிவருகிறாள். வெள்ளத்தாய் என்றால் என் வீட்டுக்காரி.

“பாலு தீஞ்சு தெருவே நாறுது! பக்கத்துல கல்லுப் பிள்ளையாரு கணக்கா உக்காந்திருக்கீக!”

திரும்பிப் பார்க்கிறேன். பாத்திரம் கருகிப் புகைகிறது. புகை கண்ணுக்குத் தெரிகிறது. வாசம் தெரியவில்லை.

அவள் உள்ளே போய்க் கருவாட்டை எடுத்துவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அப்புறம் சூடம். அப்புறம் மண்ணெண்ணெய். டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாக நீட்டுகிறாள், நான் மாடு மாதிரி மூச்சு இழுக்கிறேன்.

“எப்ப இருந்து?” என்றாள்.

எனக்கே தெரியவில்லை தம்பி. குடோன் வத்தல் நெடிதான் தின்றிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தும்மித் தும்மிக் கண் பிதுங்கும். ஒரு நாள் தும்மல் நின்றுபோனது. அப்பாடா, உடம்பு பழகிக்கொண்டது என்று சந்தோசப்பட்டேன். பழகியது உடம்பு இல்லை, மூக்கு செத்துவிட்டது. சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. எனக்கும் சில நேரம் சிரிப்புத்தான் வருகிறது.

“ஊருல சொல்லிருவோம். காசிமாயன் பாத்துக்கிடட்டும்” என்றாள்.

காசிமாயன் என் பங்காளி. சித்தப்பா மகன். அந்த உரிமைக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிறவன். அவனிடம் கொடுத்துவிட்டு நான் என்ன செய்வது? வருசம் முழுக்க நான் யாரு? குடோன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவன். லோடுமேன் பையன்கூட ‘யோவ் வாட்ச்மேன்’ என்றுதான் கூப்பிடுவான். அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும், படையல் முடிந்து வாய்த்துணியை அவிழ்த்ததும், ஊர்ப்பெரியவர் என் தலையில் பரிவட்டம் கட்டி முதல் இலையில் உட்கார வைப்பார். இத்தனை ஆம்பளைகளும் நான் கை வைக்கட்டும் என்று இலை முன்னால் காத்திருப்பார்கள். அதை விட்டுக்கொடு என்றால்?

“மாட்டேன்” என்றேன்.

அவள் வாசலுக்குப் போய் மேற்கே பார்த்தாள். “ஆடிக் காத்து மேக்கருந்துதான அடிக்கும்? கம்மாக்கரை கிழக்கதான இருக்கு? நான் அன்னைக்கு ஆட்டைப் பத்திக்கிட்டுக் கரையில நிக்கேன்.”

யோசனை அவளுடையதா என்னுடையதா என்பதெல்லாம் முக்கியமா தம்பி? அவள் வாயில் முதலில் வந்தது, அவ்வளவுதான். ஒரு வீடு என்றால் யோசனையும் பொதுதானே.

கண்மாய்க்கரை எல்லைக்கல்லுக்கு வெளியே. அங்கே ஆடு மேய்ப்பதை யார் கேட்க முடியும்? எங்களிடம் நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு ஒரு ஆடு இருந்தது, சுட்டி என்று பெயர். அதை வைத்துத்தான் பாஷை. கரையிலிருந்து, “ஏ சுட்டி! போதும், வா வா!” என்று சத்தம் கொடுத்தால் நான் பாதி விறகை இழுக்கணும். “மேயட்டும், மேயட்டும்” என்றால் அப்படியே விட்டுவிடணும். “ஓடியா! ஓடியா!” என்றால் கருகல் இழை வந்துவிட்டது, அத்தனையையும் தள்ளணும். அந்த ஆடு பாவம், தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று அன்றைக்குப் பூராவும் கரையில் மேலும் கீழும் ஓடும். ஆடி வெள்ளி முடிந்தால் பாதியாக இளைத்துப் போகும்.

எதிர்காற்றில் குரல் வந்து சேரணும் இல்லையா, தொண்டை கிழியக் கத்துவாள். வெயிலில் நிழல் கிடையாது, கரையில் ஒரே ஒரு பனை. பொழுது சாய வீட்டுக்கு வந்து பார்த்தால் தொண்டை கட்டிப்போய்க் காற்றுத்தான் வரும். எனக்கு அன்றைக்கு ஒரு நாள் நிம்மதி என்று கேலி பண்ணுவேன்.

வாசம் எப்படி அவளுக்குத் தெரியும் என்று கேட்கிறீங்களா? ஊர்ப் பொம்பளைகள் எல்லாருக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து ஆடிக்கு ஆடி காற்றில் வருவதுதானே. வாசத்துக்கு எல்லைக்கல்லா இருக்கிறது? அதிலும் இவளுக்குக் கூர்மை. ஆனால் ஒன்று, மோந்து சொல்வதுதான் அவள். ஆக்குவது நான். அதை யாரும் மறுக்க முடியாது.

என் கறிக்கு அப்போதுதான் பேர் வந்தது. உங்க அப்பனை மிஞ்சிட்டேடா என்று ஊர்ப்பெரியவரே சொன்னார். வீட்டுக்கு வந்ததும் இவள் கேட்பாள், அந்தக் கம்மிப்போன தொண்டையோடு. “எப்படி இருந்துச்சு?”

ஒவ்வொரு வருசமும் கேட்பாள். சும்மா நல்லாருக்கு என்றால் விடமாட்டாள். விலாவாரியாகச் சொல்லணும். நானும் சொல்வேன். “எலும்பைத் தொட்டாக் கறி கழண்டு விழுது. முதல்ல கல்பாசி வந்து நிக்கும். அதுக்குப் பின்னால மிளகு. கடைசியில நல்லெண்ணெய் நாக்கோட பின்பக்கத்துல வழுக்கிக்கிட்டுப் போகும்.” முழங்காலைக் கட்டிக்கொண்டு, கதை கேட்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்து கேட்பாள். ஒரு தடவை எச்சில் விழுங்கினாள், பார்த்தேன்.

அது எங்கள் அப்பா சொன்னது. அப்பா காலத்தில் நான் தின்று பார்த்த ஞாபகமும் கொஞ்சம் கலந்தது. மூக்கு போனால் நாக்கில் என்ன மிஞ்சும் என்று உங்களுக்குத் தெரியாது. உப்புத் தெரியும், உறைப்புத் தெரியும். மற்றதெல்லாம் ஈர மண்ணை மெல்லுகிற மாதிரிதான். முதல் இலையில் பரிவட்டத்தோடு உட்கார்ந்து அந்த மண்ணைத்தான் மென்றுகொண்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. மூக்கு மட்டும்தான் போனது என்று சொல்லி வைத்திருந்தேன். கேட்கிறவளுக்கு ஒரு சந்தோசம், அதை ஏன் கெடுக்கணும்?

போன வருசம் காசிமாயன் மோப்பம் பிடித்துவிட்டான்.

விருந்து முடிந்த மறுநாள் ஊர் மந்தையில் கூட்டம். எழுந்து நின்று, ரொம்பப் பணிவாக, “அண்ணே, தப்பா நினைக்காதீக. மதினி வருசா வருசம் படையலன்னைக்கு மட்டும் அந்தக் கரையிலயே நிக்கிறாகளே, மத்த நாளு அந்தப் பக்கம் ஆடு போனதே இல்லையே, அது என்னண்ணே?” என்றான். அப்புறம் ஊர்ப்பெரியவரைப் பார்த்து, “முனி மோக்கிறதுக்கு முந்தி பொம்பள நின்னு மோந்தா, அது எச்சிப் படையல்தான?” என்றான்.

கூட்டம் முழுக்க என் முகத்தைப் பார்க்கிறது. இவளும் பொம்பளைகளோடு வேப்பமரத்தடியில் நிற்கிறாள். நான் என்ன சொல்லணும்? எனக்கு மூக்கு செத்துப்போச்சு, அவதான் என் மூக்கு என்று சொல்லணுமா? சொன்னால் உரிமை போச்சு. உரிமை மட்டுமா, இத்தனை வருசமும் முனியை ஏமாற்றினான் என்று ஆகும்.

சொன்னேன். “அது ஒண்ணும் இல்லப்பா. என் பொண்டாட்டி கறிக்கு அலையிறவ. வாசத்தையாவது பிடிப்போம்னு போய் நிக்கிறா. நாக்கைக் கட்டத் தெரியாத சென்மம், நான் என்ன செய்ய?”

கூட்டம் சிரித்தது. காசிமாயனே சிரித்துவிட்டான். எல்லாரும் சிரித்துவிட்டால் விவகாரம் இல்லை என்று அர்த்தம். அவ்வளவு நேர்த்தியாக முடித்தேன் தம்பி. அவளை எல்லைக்கல்லில் சூடம் கொளுத்தி விழுந்து கும்பிட்டு, இனிமேல் அந்த நாளில் கரைப்பக்கம் வரமாட்டேன் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். விழுந்து கும்பிட்டு எழுந்து, நெற்றியில் ஒட்டின மண்ணைத் துடைக்காமல் என்னைத் தாண்டி நடந்துபோனாள்.

அதற்கப்புறம் பொம்பளைகள் சும்மா இருப்பார்களா? தண்ணீர்க் குழாயில், “என்ன மதினி, யாரு வீட்டுல இன்னைக்குக் கறி? மோந்து சொல்லுங்க” என்று ஒருத்தி. கலியாண வீட்டில் இவள் இலையில் மட்டும் கறியைக் குவித்து, “அலையாமத் தின்னுங்க சின்னம்மா” என்று இன்னொருத்தி. இவள் கறி தின்பதையே விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆக்கிப் போடுவாள், தான் மோர் ஊற்றிச் சாப்பிடுவாள். நல்லதாப் போச்சு, உடம்புக்கு நல்லது என்றேன். சித்திரையில் ஒரு காலை வேலை முடிந்து வருகிறேன், வீடு பூட்டியிருக்கிறது.

நானும் பார்த்தேன். தானாக வருவாள் என்று விட்டேன். ஆடி பிறந்தது. காற்று எழும்பியது. இனி தாங்காது. நாளை மறுநாள் அந்தக் கடைசி வெள்ளி தம்பி.

நான் வெறுங்கையோடு போகவில்லை, பாருங்க. ஒரு செல்போன் வாங்கினேன் அவளுக்கு. சின்னதுதான், பட்டன் வைத்தது. கரைக்குத்தானே தடை? கரைக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளை இருக்கிறது. அங்கே நின்றாலும் காற்று வரும். என் போனைச் சத்தம் வராமல் இடுப்பில் சொருகிக்கொள்வேன். ஒரு தடவை துடித்தால் பாதி விறகு, விடாமல் துடித்தால் கருகல். சுட்டிக்கும் ஓட்டம் மிச்சம், அவளுக்கும் தொண்டை மிச்சம். எவ்வளவு யோசித்திருக்கிறேன் பாருங்க அவளுக்காக.

வருகிறேன் என்று முந்தின நாளே போனில் சொல்லியிருந்தேன். மச்சினன் செந்தட்டி வாசலிலேயே, “வாங்க மாமா” என்றான். அந்த வாங்கவில் போங்கதான் இருந்தது. அவள் கொல்லையில் இருக்கிறாள் என்றான்.

போய்ப் பார்த்தால், கல் கூட்டி இரண்டு அடுப்பு. இரண்டு குண்டான். இரண்டுக்கும் விளிம்பைச் சுற்றிக் கேப்பை மாவு பூசியிருக்கிறது. மூடி மேலே கங்கு.

“ஏ, இது சாமி பக்குவம்டி. வீட்டுல ஆக்கக்கூடாது.”

“சாமிக்கு ஆக்கல. எனக்கு ஆக்குதேன்.”

“நீதான் கறியை விட்டுட்டியே.”

“விட்டதைத் திரும்ப எடுக்கக்கூடாதுன்னு எந்தக் கூட்டத்துல சொன்னாக?”

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். “யாரு சொல்லிக் குடுப்பா? கரையில நின்னு மோந்ததுதான். எதுக்கு அப்புறம் எது வருதுன்னு மூக்குக்குத் தெரியும்ல” என்றாள்.

சரி, கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்தேன். செல்போனை எடுத்துக் காட்டி, சூளை விவரம், துடிக்கிற விவரம் எல்லாம் சொன்னேன். போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாப்பிட்டுவிட்டுப் பேசுவோம் என்றாள்.

செந்தட்டிக்கும் எனக்கும் இலை போட்டாள். அவனுக்குச் சோறு மட்டும் வைத்துவிட்டு, ஒரு குண்டானின் மாவை உடைத்து எனக்கு மட்டும் முதலில் போட்டாள். எதிரே உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு.

“அங்க தின்னவுக நீங்கதான். அதே மாதிரி வந்திருக்கான்னு நீங்கதான் சொல்லணும்.”

மரியாதையாகக் கேட்கிறாள் இல்லையா. நானும் கண்ணை மூடி மென்று சொன்னேன். “அப்படியே இருக்கு வெள்ளத்தாயி. எலும்பைத் தொட்டாக் கழண்டு விழுது...”

“கல்பாசி தெரியுதா?”

“தெரியாம? அதான முதல்ல வந்து நிக்குது. பின்னால மிளகு...”

“நல்லெண்ணெய்?”

“வழுக்கிக்கிட்டுப் போகுது.”

செந்தட்டி என் இலையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் பெண்டாட்டி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“அதுல கல்பாசி இல்ல” என்றாள். “மிளகு இல்ல, மல்லி இல்ல, சீரகம் இல்ல, நல்லெண்ணெய் ஒரு பொட்டு இல்ல. தண்ணியில உப்பும் வத்தப்பொடியும் போட்டு அவிச்ச கறி.”

சமாளித்தேன். பிரயாண அலுப்பு, பஸ்ஸில் காற்று அடித்தது, நாக்கு மரத்துவிட்டது என்றேன். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் என் இலையைப் பார்த்துக்கொண்டே, கணக்குச் சரிவராத பிள்ளை மாதிரி, மெதுவாகக் கேட்கிறாள்.

“மூக்கு மட்டும்தான் போச்சுன்னு சொன்னீக. நாக்கு இருக்குல்ல, இவுகளாவது தின்னுட்டு வந்து சொல்லுவாகன்னுதான் நான் வெயில்ல நின்னு கத்துனேன். நான் தின்னதே இல்ல. நீங்க தின்னும் தெரியல. அப்ப அது என்ன ருசின்னு நம்ம வீட்டுல யாருக்குமே தெரியாதா?”

இது ஒரு கேள்வியா தம்பி? ஊரே தின்றுவிட்டு ஏப்பம் விடுகிறது. நன்றாக இருந்ததா இல்லையா, அதுதானே முக்கியம்? யாருக்குத் தெரிந்தால் என்ன?

வெள்ளிக்கிழமைக்கு வழி சொல்லு என்றேன்.

“மூக்கு செத்துப்போச்சுன்னு சொல்லிருங்க. அன்னைக்கு மந்தையிலயே சொல்லியிருக்கலாம். நீங்க வேற வார்த்தையைச் சொன்னீக.”

பார்த்தீங்களா, அந்த ஒரு வார்த்தை. அங்கேயே வந்து நிற்கிறாள்.

“அப்ப நீ வரமாட்ட?”

“கறிக்கார வீட்டுக்கு வரமாட்டேன். உரிமையைக் குடுத்துட்டு, இது வெயிலுமுத்து வீடுன்னு ஆச்சுன்னா சொல்லி விடுங்க. அடுத்த பஸ்ஸுக்கு வாரேன்.”

என்ன பேச்சு இது? இரண்டும் ஒரே வீடுதானே. ஒரே கதவு, ஒரே சாவி. பொம்பளைகளுக்குக் கோபம் வந்தால் என்ன பேசுகிறோம் என்றே தெரியாது. செல்போனையும் என் சட்டைப்பையிலேயே போட்டுவிட்டாள்.

அவள் வரணும் என்றால் கேட்பதைச் செய்யணும். செய்தால் நான் யார் என்று எனக்கே தெரியாது. செய்யாவிட்டால் வெள்ளிக்கிழமை வாயைக் கட்டிக்கொண்டு அந்த அண்டா முன்னால் நிற்கணும். கரையில் யாரும் இருக்க மாட்டார்கள். காற்று அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். அங்கிருந்து ஓடவும் முடியாது. வாயைக் கட்டினவன் படையல் வரைக்கும் அடுப்பை விட்டு நகரக்கூடாது, அதுவும் ஒரு முறை. உள்ளே வேகிறதா கருகுகிறதா என்று தெரியாமல், மூடியைப் பார்த்துக்கொண்டே, ஊர் முழுக்கப் பார்க்க... காசிமாயன் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பான்.

தம்பி, ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு மூக்கு எப்படி? சளி கிளி எதுவும் இல்லையே?

வெள்ளிக்கிழமை உங்களுக்கு என்ன சோலி? ஆம்பளைக்குத் தடை இல்லை என்று சொன்னேன் இல்லையா. உள்ளேயே உட்காரலாம். அடுப்புக்குக் கிழக்கே, காற்று போகிற பக்கம், உடைமர நிழலில் துண்டை விரித்து உட்காருங்க. கருகல் இழை வந்தால் இருமுங்க. இருமினால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? என் பக்கத்து இலை உங்களுக்கு. எந்த வாசம் எப்போது வரும் என்று நான் இப்போதே சொல்லித் தருகிறேன், அப்பா எனக்குச் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது.

யோசிக்கிறீங்க. யோசிங்க, தப்பில்லை. அதற்குள் உங்க மூக்கை ஒரு சோதனை பார்த்துவிடுவோம். காலுக்குக் கீழே மஞ்சள் பை இருக்கிறது பாருங்க, அதை எடுங்க. மெதுவா, தூக்குவாளி. கிளம்பும்போது கையில் கொடுத்தாள். எந்தக் குண்டானிலிருந்து எடுத்தாள் என்று நான் பார்க்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. உப்பும் வத்தலும் போட்டதாகவும் இருக்கலாம். இன்னொன்றாகவும் இருக்கலாம். பஸ் ஏறினதிலிருந்து அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பிடிங்க. மூடியைத் திறக்கிறேன்.

என்ன தம்பி?

என்ன, கண்ணை மூடிட்டீங்க? முன் சீட்டுக்காரரும் திரும்புகிறார். கண்டக்டர் சில்லறையை எண்ணுவதை விட்டுவிட்டு இங்கே பார்க்கிறார். இன்னொன்றுதானா? அதைத்தான் கொடுத்திருக்கிறாளா?

வெள்ளிக்கிழமை கிடக்கட்டும். அதை அப்புறம் பேசுவோம். ஒரு துண்டு எடுத்து வாயில் போடுங்க. போடுங்க தம்பி, இது சாமி கறி இல்லை, அவள் தனக்கு ஆக்கினது. மெல்லுங்க. அவசரம் இல்லை, அருப்புக்கோட்டைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இப்போது சொல்லுங்க. எது முதலில் வருகிறது? அதற்குப் பின்னால் என்ன?

நல்லாருக்கு என்று மட்டும் சொல்லிவிடாதீங்க. அதை நானே வருசா வருசம் சொல்லியாச்சு.